தூக்குவது எளிது

1972இல் சென்னை திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த ஒரு புல்லட், இன்று தில்லியில் யார் வீட்டு மாடிப்படிக்கு அடியிலாவது கிடந்தால், சட்டத்தின் கண்ணில் அது ஒன்று பழைய இரும்பு, இல்லையேல் பொக்கிஷம். பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் தலைநகரின் சாலையில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. 2025 ஜூலை 1 முதல் இத்தகைய வண்டிகளுக்குப் பங்க்குகளில் பெட்ரோலே போடக் கூடாது என்றார்கள். கூச்சல் கிளம்பியதும் சில நாள்களில் அந்த ஆணையை நிறுத்தி வைத்தார்கள். இதற்கு நேர் எதிர்த்திசையில், 2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள் ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு ‘வின்டேஜ்’ என்ற தகுதியைத் தருகின்றன. 20,000 ரூபாய் கட்டிப் புதிதாகப் பதிவு செய்தால் நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள் ஏறும். கண்காட்சிக்கும் பழைய வண்டிகளின் பவனிக்கும் எடுத்துப் போகலாம், அன்றாடம் ஆபீசுக்குப் போகக் கூடாது. பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் உள்ள முப்பத்தைந்து ஆண்டுகளை வண்டி எங்கே ஒளிந்து கழிப்பது என்பதை மட்டும் விதிகள் சொல்லவில்லை.

இந்த அத்தியாயத்துக்கு முக்கியமானது அந்த விதியில் உள்ள ஒரு நிபந்தனை. வண்டி அதன் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அதாவது கழலாத போல்ட்டை வெட்டி எறிவதும், துருப்பிடித்த ஃப்ரேமுக்குப் பதில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டுவதும் இங்கே ஆகாது. இருப்பதைக் காயப்படுத்தாமல் கழற்றி, சுத்தம் செய்து, திரும்ப மாட்ட வேண்டும். அதற்கு வண்டி கண்ணுக்கு எதிரே, அசையாமல், மாதக்கணக்கில் நிற்க வேண்டும். வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

புல்லட்டுக்குத் தில்லியில் தலைநகரம் கரோல் பாக். நைவாலா தெருவிலும் ஹர்தியான் சிங் சாலையிலும் டேங்குகளும் சைலன்சர்களும் கடைவாசலில் தொங்குகின்றன. ஒருவர் ஸ்போக் கட்ட, இன்னொருவர் சக்கரத்தின் கோட்டம் பார்க்க, மூன்றாமவர் ஹெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு டீ குடிக்கிறார். மத்திய அரசு ஆபீஸ்களில் வேலை பார்த்த தமிழர்கள் ஒரு காலத்தில் திரளாகக் குடியிருந்த பேட்டை இது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. ராணுவம் எல்லைக் காவலுக்குக் கேட்ட வண்டி என்பதால் சென்னையில் செய்த புல்லட்டுகள் வடக்கே நிறையப் போயின. ரெட்டிச் ஆலை 1967இல் மூடிவிட்டது. 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட அந்த 346 சி.சி. எஞ்சின் மட்டும் திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் மாறாமல் உருவாகிக்கொண்டிருந்தது.

கரோல் பாக் உஸ்தாத்களில் பெரும்பாலோர் லிஃப்டுக்காகக் காத்திருப்பதில்லை. நடைபாதையில் சாக்கை விரித்துக் குந்தி உட்கார்ந்தே எஞ்சினை இறக்கிவிடுகிறார்கள். சிறுவயதிலிருந்தே குந்திப் பழகிய இடுப்பு அது. நாற்காலியில் உட்கார்ந்தே நாற்பது வயதை எட்டியவர் அதையே செய்யப் போனால் முதல் ஞாயிற்றுக்கிழமையோடு ஆசை அடங்கிவிடும். குந்தவும் முடியாமல், நிமிரவும் முடியாமல், இடுப்பை மடித்துக் குனிந்தபடியே வேலை செய்வார். 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் ஹான்ஸ்-யோவாகிம் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரின் கீழ்முதுகு வட்டுக்குள் நுண்ணிய அழுத்தமானியைச் செருகி அளந்து பார்த்தார்கள். நிமிர்ந்து நிற்கையில் வட்டுக்குள் 0.5 மெகாபாஸ்கல் அழுத்தம். முன்னால் குனிந்து நின்றால் 1.1, முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கினால் 2.3. லிஃப்ட் வாங்கும் காசு வண்டிக்காகச் செலவாகிறது என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அது முதுகெலும்புக்கான செலவு.

வண்டியைத் தூக்குவது எவ்வளவு பெரிய வேலை? புல்லட் ஏறக்குறைய 165 கிலோ. லிஃப்டின் மேடையும் கைகளும் சேர்த்து 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தரையோரத்திலிருந்து வேலை மேசை உயரத்துக்கு, அதாவது சுமார் 58 செ.மீ., தூக்க வேண்டும். கணக்குப் போட்டால் 1,400 ஜூல் வருகிறது. ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் உள்ள ஆற்றலில் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு! ஆற்றல் என்று பார்த்தால் இது வேலையே இல்லை. அதனால்தான் சின்ன மோட்டாரும், காலால் மிதிக்கும் பம்பும், கையால் சுற்றும் திருகும் எல்லாமே இதைச் செய்துவிடுகின்றன. விளம்பரங்களும் இதைத்தான் பெருமையாகக் காட்டுகின்றன: ஒரு விரலால் பட்டனை அழுத்துகிறார், வண்டி எழும்புகிறது. கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு. தூக்கிய 250 கிலோவை, தூக்கிய விசை ஓய்ந்த பின்னும், மூன்று மாதம் அந்தரத்தில் எது பிடித்துக்கொண்டிருக்கிறது?

அதற்கு முன் புல்லட்டுக்கு எந்த வகை லிஃப்ட் பொருந்தும் என்பதைத் தீர்த்துவிடலாம். கடையில் மூன்று வகை கிடைக்கும். பின்சக்கரத்தை மட்டும் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் ஸ்டாண்ட் ஒன்று. வண்டியின் வயிற்றுக்கு அடியில் நுழைந்து தூக்கும் சின்ன ஜாக்கி இன்னொன்று. முழு வண்டியையும் ஏற்றி நிறுத்தும் மேடை மூன்றாவது. நடுவில் சொன்ன ஜாக்கி விலையிலும் இடத்திலும் சிக்கனமானது. ஃப்ரேமின் குழாய்கள் எஞ்சினுக்கு அடியில் ஓடும் வண்டிகளுக்கு நன்றாகவே பொருந்தும். பழைய புல்லட்டின் ஃப்ரேம் அப்படிப்பட்டதல்ல. முன்னாலிருந்து இறங்கும் ஒற்றைக் குழாய் எஞ்சினோடு வந்து முடிந்துவிடுகிறது. அங்கிருந்து பின்பக்கம்வரை எஞ்சினே ஃப்ரேமின் ஒரு பகுதியாகச் சுமையைத் தாங்குகிறது. ஆகவே ஜாக்கி போய் உட்காருமிடம் அலுமினியக் கிராங்க் கேஸ். பலகை வைத்துத் தூக்கினால் அவசரத்துக்குத் தாங்கும். ஆனால் எந்த எஞ்சினை இறக்குவதற்காக வண்டியைத் தூக்கினோமோ, அந்த எஞ்சின் மேலேயே வண்டி நிற்கிறது! முழுதாகப் பிரிக்க நினைப்பவருக்கு மேடைதான் வழி.

மேடை லிஃப்டில் பரவலானது கத்தரி வகை. இரண்டு கைகள் பெருக்கல் குறிபோலக் குறுக்கே கிடக்கும். கீழ்நுனிகளை நெருக்கினால் மேடை எழும்பும். பார்க்கச் சாதுவான இந்த அமைப்புக்குள் ஒரு குறும்பு இருக்கிறது. கீழ்நுனியைக் கிடைமட்டமாகத் தள்ளத் தேவையான விசை, மேடை ஏற ஏற மாறிக்கொண்டே போகும். கை தரையோடு 10 டிகிரி கோணத்தில் படுத்திருக்கும்போது 250 கிலோவைக் கிளப்ப ஏறக்குறைய 1,400 கிலோ விசை வேண்டும். 30 டிகிரிக்கு வந்ததும் 430 போதும். 45 டிகிரியில் சுமைக்குச் சமமாக 250. 55 டிகிரியில் 175. தரையோடு ஒட்டிப் படுக்கும் லிஃப்ட் வண்டியை ஏற்ற வசதியானது. ஆனால் எவ்வளவு தாழப் படுக்கிறதோ அவ்வளவு முரட்டுத்தனமாக முதல் உந்தல் அமைய வேண்டும். மலிவான லிஃப்டுகளின் பின்கள் தேய்வதும் வெல்டிங் விரிவதும் உச்சியில் இருக்கும்போது நடப்பதாக நாம் கற்பனை செய்கிறோம். அவற்றின் மேல் சித்திரவதை நடப்பது தரையோரத்தில்.

அந்த 1,400 கிலோவைக் கொடுக்க இரண்டு உபாயங்கள் நடைமுறையில் இருக்கின்றன: எண்ணெய், திருகு.

எண்ணெயின் கணக்கு பாஸ்கலுடையது. அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல், வெளியான நூலில் அது இருக்கிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எங்கும் அதே அளவில் பரவும். 12 மி.மீ. பிஸ்டனால் தள்ளி ராம் என்ற 48 மி.மீ. பெரிய பிஸ்டனை உயர்த்தினால் பரப்பு 16 மடங்கு, விசையும் 16 மடங்கு. மிதிகட்டையின் நீளம் அதை இன்னும் ஐந்து மடங்காக்கினால் மொத்தம் 80. காலால் 20 கிலோ அழுத்தினால் 1,600 கிலோ கிடைக்கிறது. கணக்கு இவ்வளவு சுலபமாக இருந்தும், அதிலிருந்து ஒரு வேலைக்காகும் இயந்திரம் பிறக்க நூற்றுமுப்பது ஆண்டுகள் பிடித்தன. 1795இல்தான் ஜோசப் பிராமா லண்டனில் ஹைட்ராலிக் பிரஸுக்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கும் தொல்லை கொடுத்தது கசிவு. ராமைச் சுற்றி இறுக்கமாக அடைத்தால் ராம் நகர மறுத்தது. தளர்த்தினால் நீர் பீறிட்டது. அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே ஒரு தோல் வளையத்தைக் கிண்ணம்போல் மடித்து வைத்தார் என்று சொல்வார்கள். உள்ளே அழுத்தம் கூடும்போது அந்த மடிப்பின் உதடு தானாகவே சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் நீங்கியதும் விட்டுவிடும். இன்று தோலுக்குப் பதில் ரப்பரும் பாலியூரித்தேனும் வந்துவிட்டன. தத்துவம் அதேதான்.

கரோல் பாக் மெக்கானிக்கின் ஜாக்கி ஒரே ராத்திரியில் இரண்டு விரல் இறங்கிவிடுகிறதே, அது இந்த உதட்டின் கோளாறு. ஒரு மணல் துகள் கீறினால் போதும். தில்லியில் மணலுக்குப் பஞ்சமில்லை. மே மாதப் புழுதிக்காற்று கதவைச் சாத்தினாலும் உள்ளே வரும். வெப்பநிலையும் சும்மா இருப்பதில்லை. ஜனவரி விடியலில் நான்கைந்து டிகிரி, மே மதியத்தில் 45. அந்த இடைவெளிக்குள் ஹைட்ராலிக் எண்ணெயின் பிசுக்கு பல மடங்கு மாறிப்போகிறது, சீலும் இறுகித் தளர்கிறது. ஆகவே எண்ணெயைத் தூக்குவதற்கு மட்டும் நம்ப வேண்டும். தாங்குவதற்கு ஓர் இரும்புத் தண்டு குறுக்கே விழுந்து பூட்டிக்கொள்ள வேண்டும். லிஃப்ட் பார்க்கப் போனால் எத்தனை டன் என்று கேட்கும் முன் அந்தப் பூட்டைப் பாருங்கள். பல உயரங்களில் தானாக விழும் பல்பூட்டு சிறந்தது. துளையில் பின்னைக் கையால் செருகும் வகையும் பரவாயில்லை, செருக மறக்காதவருக்கு. பூட்டே இல்லாத ஹைட்ராலிக் மேடையை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம் என்பேன்.

திருகு வேறு குணம். 20 மி.மீ. தடிமனும் ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. முன்னேற்றமும் உள்ள திருகின் மரை ஏறக்குறைய 4 டிகிரி சாய்வுள்ள ஒரு சரிவுப்பாதை. தண்டைச் சுற்றிச் சுருட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சாதாரண மசகுடன் இரும்பின் மேல் இரும்பு சறுக்கத் தொடங்க எட்டு டிகிரிக்கு மேல் சாய்வு வேண்டும். நான்கில் சறுக்காது. எனவே கைப்பிடியை விட்டுவிட்டு நீங்கள் சாப்பிடப் போனாலும் மேடை அப்படியே நிற்கும். இதற்கு விலையுண்டு. இந்த அளவுள்ள திருகில் நாம் செலவிடும் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் தூக்குவதற்குப் போகிறது. மீதியை உராய்வு தின்றுவிடுகிறது. அந்தத் தீனியை வீண் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மேடை இறங்காமல் நிற்பதே அந்த உராய்வின் தயவு. திறமையான திருகு, அதாவது பாதிக்கு மேல் உழைப்பைப் பயனாக்கும் திருகு, கையை எடுத்ததும் பின்னோக்கிச் சுழன்றுவிடும்.

வண்டியில் உள்ள ஒவ்வொரு போல்ட்டும் இதே பேரத்தில்தான் நிற்கிறது. ஸ்பேனரால் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து, மிகக் கெட்டியான ஒரு ஸ்பிரிங்போல நீட்டி வைக்கிறது. மற்ற ஒன்பது பங்கும் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகப் போகிறது. இதனால்தான் உலர்ந்த மரைக்குச் சொன்ன முறுக்கை எண்ணெய் தடவிய மரைக்கு அப்படியே கொடுக்கக் கூடாது: உராய்வு குறைந்த அளவுக்கு இழுவிசை கூடி, போல்ட் நீண்டு அறுந்துபோகலாம்.

புல்லட்காரர்களுக்கு அடுத்த கேள்வி தெரியும். உராய்வு இவ்வளவு உறுதியாகப் பிடித்தால் புல்லட்டில் நட்டுகள் ஏன் கழன்று விழுகின்றன? இதற்கு 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் விடை சொன்னார். போல்ட்டின் நீளத்திசையில் ஆடும் அதிர்வு அவ்வளவாகக் கெடுப்பதில்லை. குறுக்குவாட்டில் ஆடும் அதிர்வுதான் எதிரி. இரண்டு தகடுகளும் பக்கவாட்டில் ஒரு நூலளவு சறுக்கும் கணத்தில் மரையின் பிடியும் சறுக்கலில் கலந்துவிடுகிறது. அந்தச் சந்தில் நட்டு ஒரு மயிரிழை திரும்பிக்கொள்கிறது. ஒற்றைச் சிலிண்டரில் 90 மி.மீ. மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை இப்படிச் சந்து கொடுக்கிறது. திருகு லிஃப்டுக்கும் இது பொருந்தும். மேடையின் மேல் சுத்தியலால் அடித்துக்கொண்டே இருந்தால் ‘இறங்காத’ திருகும் நகரலாம். ஆக, திருகு லிஃப்ட் வைத்திருப்பவருக்கும் ஒரு பூட்டு வேண்டும்.

மாட்ஸ்லே இன்னொரு முறை இந்தக் கதைக்குள் வருகிறார். பின்னாளில் அவர் துல்லியமான திருகு கடையும் லேத்துகளுக்குப் பேர்பெற்றார். அவருடைய லண்டன் பட்டறையில் 1825 வாக்கில் ஜோசப் விட்வொர்த் என்ற இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். 1841இல் அந்த விட்வொர்த் முன்வைத்த 55 டிகிரி மரைதான் பிரிட்டிஷ் தொழில்துறையின் பொது அளவாயிற்று. ரெட்டிச் வழியாகத் திருவொற்றியூருக்கும் அந்தப் பரம்பரை வந்தது. பழைய புல்லட்டில் அங்குலக் கணக்கு நட்டுகள் இருப்பதும், வீட்டில் உள்ள மெட்ரிக் ஸ்பேனர் ‘ஏறக்குறைய’ பொருந்தி நட்டின் மூலைகளை உருட்டிவிடுவதும் அதன் பலன். காஷ்மீரி கேட் ஆட்டோ உதிரிபாகச் சந்தையில் முதலில் வாங்க வேண்டியது லிஃப்ட் அல்ல, ஒரு செட் விட்வொர்த் ஸ்பேனர்.

அந்த ஸ்பேனரோடு போய் நின்றாலும் நட்டு அசையாது. துரு. இரும்பு துருவாக மாறும்போது அதன் கனஅளவு இரண்டு முதல் ஆறு மடங்குவரை பெருகுகிறது. மரையின் இடுக்கில் அந்தப் பெருக்கத்துக்கு இடம் ஏது? இரண்டு பக்கத்தையும் ஆப்புபோல் நெருக்குகிறது. தில்லி வறண்ட ஊர்தானே என்று ஆறுதல் கொள்ள முடியாது. காற்றில் கந்தக டை ஆக்சைடு கலந்திருந்தால், ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டியதுமே துரு பாய்ச்சல் எடுக்கும் என்பதை 1930களிலேயே வெர்னான் போன்ற ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். மழைக்கால ஆகஸ்டும் புகைமூட்ட டிசம்பரும் அந்த எல்லைக்கு மேலேதான்.

ஆனால் துருவைப் பற்றிப் பேசத் தில்லியைவிடப் பொருத்தமான ஊர் உலகில் இல்லை. கரோல் பாக்கிலிருந்து தெற்கே மெஹ்ரோலியில், குதுப் வளாகத்தில், 7.2 மீட்டர் உயரமும் ஆறு டன்னுக்கு மேல் எடையும் கொண்ட இரும்புத்தூண் நிற்கிறது. வயது ஏறக்குறைய 1,600. துருப்பிடிக்காத இரும்பு என்று ஊர் சொல்லும். அது துருப்பிடித்த இரும்பு, மிகவும் நல்லவிதமாகத் துருப்பிடித்த இரும்பு. கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்ரமணியம் அதன் மேற்பரப்பை ஆராய்ந்து 2000இல் விளக்கம் வெளியிட்டார். அந்தக் கால உலையில் சுண்ணாம்பு சேர்க்காததால் இரும்பில் பாஸ்பரஸ் தங்கிவிட்டது: சுமார் 0.25 சதவீதம். இன்றைய எஃகில் 0.05ஐக்கூடத் தாண்ட விடமாட்டார்கள். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து, அந்தப் பாஸ்பரஸ் உலோகத்துக்கும் துருவுக்கும் நடுவே இரும்புப் பாஸ்பேட்டாகப் படிந்து, மெல்லிய கெட்டியான படலமாக மூடிக்கொண்டது. சாதாரணத் துரு பொருபொருவென உதிர்ந்து புதிய இரும்பைத் திறந்து காட்டும். இது ஒட்டிக்கொண்டு காவல் நிற்கிறது.

கடையில் ‘ரஸ்ட் கன்வெர்ட்டர்’ என்ற பெயரில் விற்கும் புட்டிகள் பலவற்றில் உள்ள பாஸ்பாரிக் அமிலம் செய்வதும் இதே ரசாயனம்தான், நூற்றாண்டுகளுக்குப் பதில் சில மணி நேரத்தில். தளர்ந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிட்டு ஃப்ரேமின் மேல் பூசினால், மிச்சத் துரு கறுத்துப் பாஸ்பேட்டாகிறது. பெயின்ட் அதன்மேல் நன்றாகப் பிடிக்கும். தூணைப்போல் 1,600 ஆண்டு தாங்குமா என்று கேட்கக் கூடாது. மூல ஃப்ரேமை மூல ஃப்ரேமாகவே காப்பாற்ற இதைவிட மென்மையான வழி குறைவு.

இறுகிய நட்டுக்கு அமிலம் உதவாது. அங்கே ஊடுருவும் எண்ணெய், பொறுமை, வெப்பம். எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்து, சின்னத் தட்டல்கள் கொடுத்து, மறுபடி எண்ணெய். கிராங்க் கேஸில் இறுகிய பேரிங்குகளுக்கு வெப்பம் தனி வித்தை காட்டும். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. 62 மி.மீ. பேரிங் உட்கார்ந்திருக்கும் கேஸை அறை வெப்பத்திலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோனால், இருவருமே சூடானாலும், இடையில் 0.05 மி.மீ. தளர்வு பிறக்கிறது. சுத்தியல் இல்லாமலே பேரிங் தானாக விழும். வெப்பம் காட்டும் முன் டேங்கை வேறிடத்துக்கு எடுத்துப்போய்விட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். கத்தரிக் கைகளுக்கு நடுவே, தரையோரமாக, கண்ணுக்குத் தெரியாமல் தேங்கி நிற்கும்.

இனி இந்த இறுகிய நட்டையும் லிஃப்டையும் ஒன்றாக நிறுத்திப் பார்ப்போம். வீட்டுப் பட்டறைகளில் வண்டி சாய்வதற்கு முதற்காரணம் இந்தக் கூட்டணிதான் என்று நினைக்கிறேன். மேடை 60 செ.மீ. அகலம். வண்டியும் மேடையும் 250 கிலோ, பாரம் நடுக்கோட்டில். பக்கவாட்டில் சாய, அந்த 250 கிலோவை ஓரத்திலிருந்து 30 செ.மீ. நெம்ப வேண்டும், அதாவது 75 கிலோ-மீட்டர் திருப்புவிசை. நீளக் குழாய் செருகிய ஸ்பேனரை, உயர்த்திய வண்டியில், தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரத்தில் பிடித்து 60 கிலோ விசையோடு உங்கள் பக்கம் இழுத்தால்? 60ஐ 1.25ஆல் பெருக்கினால் சரியாக 75. எழுபது கிலோ ஆள் உடம்பைச் சாய்த்து வெட்டி இழுக்கும்போது அந்த விசை ஒரு கணம் சுலபமாக வந்துவிடும். அதே இழுப்பு, மேடை தரையோடு படுத்திருக்கையில் முக்கால் மீட்டர் உயரத்தில் நடந்தால் 45தான். வண்டி அசையாது. எனவே பெரிய நட்டுகள் எல்லாவற்றையும், அச்சு நட்டு, ஸ்விங் ஆர்ம், எஞ்சின் போல்ட்டுகள் உட்பட, வண்டி கீழே இருக்கும்போதே ஒரு கால்சுற்று இளக்கிவிட்டுப் பிறகு தூக்க வேண்டும்.

நீளவாக்கிலும் ஒரு விஷயம். 90 செ.மீ. கத்தரிக்கை படுத்திருக்கும்போது மேடையைத் தாங்கும் இரு முனைகளுக்கும் நடுவே 89 செ.மீ. இடைவெளி. 55 டிகிரிக்கு உயர்ந்ததும் அது 52க்குச் சுருங்கிவிடுகிறது. புல்லட்டின் இரு சக்கர அச்சுகளுக்கு இடையே 137 செ.மீ.; இரண்டு சக்கரமுமே தாங்கும் முனைகளுக்கு வெளியே தொங்குகின்றன. பாரத்தின் மையம் அந்த 52 செ.மீ.க்குள் இருக்கும்வரை கவலையில்லை. முன்சக்கரம், ஃபோர்க், ஹெட்லைட் எல்லாம் கழன்றதும் மையம் பின்னால் போகும். எஞ்சினையும் இறக்கினால் நடுவில் இருந்த பெரிய பாரமே இல்லை. அடிக்குழாய் அற்ற புல்லட் ஃப்ரேம் வெறும் கூடாக நிற்கும். கழற்றக் கழற்ற, வண்டியை மேடையோடு பிணைக்கும் பட்டைகளை மாற்றிக் கட்ட வேண்டியிருக்கிறது. நான்கு பட்டைகள், நான்கு மூலைக்கு, முடிந்தவரை கீழ்நோக்கி இழுக்கும்படி. முன் ஃபோர்க் பாதி அமுங்கும் அளவு இறுக்கம். முழுக்க அமுக்கிவிட்டால் ஃபோர்க் சீல் கெடும்.

சரி, தில்லி வீட்டில் இதை எங்கே வைப்பது? தனி கராஜ் உள்ள வீடுகள் சொற்பம். பெரும்பாலும் தூண்களின் மேல் நிற்கும் குடியிருப்பின் கீழே உள்ள பார்க்கிங்தான். அங்கே கூரை தாழ்வு, கைப்பிடி 1.1 மீட்டர் என்றால் உயர்த்தியபின் 1.85. பீமும் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று முதலில் அளந்துவிட வேண்டும். தரையும் சமதளமாக இருக்காது, மழைநீர் ஓடச் சாய்த்திருப்பார்கள். ஒரு டிகிரி சாய்வுகூட மேலே சொன்ன 30 செ.மீ.யில் ஒன்றிரண்டைத் தின்றுவிடும். டைல்ஸின் அடியில் வெற்றிடம் இருந்தால் சக்கரம் வைத்த லிஃப்டின் பாதம் அதை உடைத்துக்கொண்டு இறங்கும். தடித்த பிளைவுட் விரித்துப் பாரத்தைப் பரப்பலாம். காற்றழுத்தத்தில் ஏறும் மேடைகள் சர்வீஸ் சென்டருக்கு அழகு. வீட்டில் கம்ப்ரசர் போடும் சத்தத்துக்கு முதல் மாடிக்காரர் சமாதானம் ஆகமாட்டார். மோட்டார் வைத்த ஹைட்ராலிக்கும் ஒரே வண்டியைச் சீர் செய்பவருக்குத் தேவையற்ற சுகம். நாளுக்கு நாற்பது முறை ஏற்றி இறக்குபவருக்குத்தான் வேகம் வேண்டும். நமக்கு ஒருமுறை ஏற்றினால் வாரக்கணக்கில் நிற்கும். காலால் மிதிக்கும் ஹைட்ராலிக், பல உயரங்களில் இரும்புப் பூட்டு, 60 செ.மீ.க்குக் குறையாத அகலம், 400 கிலோவுக்குக் குறையாத தாங்குதிறன்: எனக்கு இது போதும். அதற்கும் பணமில்லை என்றால், இரும்புக் கோணங்களை வெல்டு செய்து முழங்காலுக்குச் சற்று மேலாக ஒரு நிலையான மேடை போட்டு, பலகைச் சரிவு வைத்து, இரண்டு நண்பர்களோடு வண்டியைத் தள்ளி ஏற்றலாம். நகரும் பாகம் ஒன்றுமில்லை; கசிய எண்ணெயும் இல்லை.

பழைய லிஃப்ட் மலிவாகக் கிடைக்கிறதே என்று மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தைக்குப் போகிறவர்கள் உண்டு. எடைக்கு விற்கும் பொருளோடு அதன் வரலாறு வருவதில்லை. 2010இல் தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை ஏலம் விட்ட ஒரு பழைய கதிர்வீச்சுக் கருவி இந்தச் சந்தைக்குத்தான் வந்தது. உள்ளே கோபால்ட்-60 இருப்பது தெரியாமல் உடைத்தார்கள். ஒரு தொழிலாளி இறந்தார், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். கத்தரி லிஃப்டில் அப்படி ஒரு பூதம் ஒளிந்திருக்காது. ஆனால் ஒருமுறை கோணி, நிமிர்த்தப்பட்டு, மேலே பெயின்ட் அடிக்கப்பட்ட கை இருக்கலாம். பின் ஓட்டைகள் முட்டை வடிவாக நீண்டிருக்கின்றனவா, வெல்டிங்கை ஒட்டி மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்காமல் காசை எண்ணக் கூடாது.

லிஃப்டுக்கே உரிய இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். குந்தி உட்கார்ந்து பிரேக் டிரம்மைத் திறக்கும்போது முகம் சற்று விலகி இருக்கும். மேடையில் அது நேராக மூக்குக்கு எதிரே வருகிறது. 1970களின் பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மைத் திறந்ததும் ஊதுவதும் காற்றுக் குழாய் பிடிப்பதும் பழகிப்போன கைவேலை. அதை விட்டுவிட்டு, சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிய வேண்டும்.

எஞ்சினை இறக்கும் நாளில் மேடை உச்சியில் இருக்கத் தேவையில்லை. பூட்டின் கீழ்ப்படி ஒன்றில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் பலகையும் சின்ன ஜாக்கியும் கொடுத்து, அதன் பாரத்தை ஜாக்கி ஏற்றுக்கொண்ட பிறகே கடைசி போல்ட்டை உருவ வேண்டும். பாரம் போல்ட்டில் இருக்கும்வரை அது வராது. வராததை அடித்தால் மரை போகும். பாரம் ஜாக்கிக்கு மாறியதும் இரண்டு விரலில் வந்துவிடும். எஞ்சினைப் பக்கவாட்டில் நகர்த்திப் பெஞ்சுக்கு மாற்ற இன்னொரு ஆள் வேண்டும். அதன்பின் மேடையை இறக்குவதானால், முதலில் ஒரு மிதி ஏற்றிப் பூட்டின் மேல் உள்ள பாரத்தை விடுவித்து, பூட்டை விலக்கி, வால்வைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திறக்க வேண்டும். இப்போது மேலே இருப்பது 250 கிலோ அல்ல, வெறும் கூடு. ஆனாலும் கையும் காலும் கத்தரிக்குள் இருக்கக் கூடாது, பக்கத்து வீட்டுப் பூனை உட்பட.